சல்மாவும் சாமியறைக் கறுப்புக் கம்பியும்

என் மனைவி உம்மு சல்மா யாரையும் லேசில் நம்ப மாட்டாள். கட்டிய புருஷன் நான், "ஆஃப் பண்ணிட்டேன் சல்மா" என்று அடித்துச் சொன்னாலும், "சரி மச்சான்" என்று தலையை ஆட்டிவிட்டு கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து தானே ஒருமுறை பார்ப்பாள். கல்யாணமான புதிதில் இது எனக்குப் பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது. ஒரு சாதாரண சுவிட்ச் விஷயத்தில்கூட என் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

என் பெயர் ரவூப். சிங்கப்பூரில், தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், கால்சட்டை குறைப்பது, திரைச்சீலை, எல்லாம் உண்டு. கோபக்காரன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பட்டம் கட்டியிருக்கிறார்கள். கீழே சந்தையில் மீன் வாங்கிவிட்டு வருகிற வழியில், ஈரப் பையைத் துணிமேல் வைத்துவிட்டு, "தம்பி, ஜிப் மாத்தணும், அஞ்சு நிமிஷத்துல தந்துருங்க" என்று கேட்கிறவர்களிடம் வேறு எப்படிப் பேசுவது? என்னைப் பற்றி இவ்வளவு போதும். இது சல்மாவின் கதை.

அவள் புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய வாப்பா சேக் தாவூது மாமா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். மகள் பாலிடெக்னிக்கில் மின்சாரம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "அக்கவுண்ட்ஸ் படிச்சா நம்ம கடையில உக்காரலாமேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாராம். "லைட் எரியாம அக்கவுண்ட்ஸ் எப்படிப் பார்ப்பீங்க வாப்பா?" என்று கேட்டாளாம். மாமா அத்தோடு வாயை மூடிக்கொண்டார். படித்து முடித்து, பெரிய கட்டடங்களில் வேலை பார்த்து, லைசென்ஸ் வாங்கி, இப்போது வீடுகளுக்குச் சொந்தமாகவே மின்சார வேலை செய்கிறாள்.

எங்கள் சம்பந்தம் பேசியபோது பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். எல்லாரும் பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருக்க, சல்மா மட்டும் மூலையில் இருந்த என் தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் என் தொழிலில் மனதைப் பறிகொடுத்துவிட்டாள் என்று நான் பூரித்துப்போனேன். அவள் எழுந்து போனாள். மெஷின், இஸ்திரிப் பெட்டி, காற்றாடி எல்லாவற்றையும் நான் ஒரே பிளக்கில் சொருகி வைத்திருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்தவள், "கொதிக்குது" என்று சொல்லி அப்படியே பிடுங்கிவிட்டாள். "மாப்பிள்ளையைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இதை மாத்தச் சொல்லுங்க." என் உம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். எனக்கோ, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒருநாள் இரஞ்சிதம் ஆன்ட்டி கடைக்கு வந்தார். சிராங்கூன் பக்கத்தில் வரிசை வீடு ஒன்றில் இருப்பவர். கணவர் கந்தப்பு அங்கிள், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். பல தலைமுறையாக இங்கேதான் இருக்கிறார்கள் என்றாலும் அந்தப் பேச்சு மட்டும் வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது. ஒரே மகள் லக்ஷனாவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. அவளால் கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற முடியாது. அதை முன்கூட்டியே யோசித்து, சமையலறைக்குப் பின்னால் கீழ்த்தளத்திலேயே புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். அந்த அறைக்குத் திரைச்சீலை தைக்கத்தான் என்னிடம் வந்திருந்தார்.

"எல்லாம் முடிஞ்சுது தம்பி, லைட் மட்டும்தான் இல்லை" என்றார் ஆன்ட்டி. "கொண்ட்ராக்டர்ர ஆள் வயரை இழுத்துப்போட்டுப் போனவன், இந்தா வாறன் அந்தா வாறன் எண்டு சொல்லுறானே தவிர வாறானில்லை. நாளையிண்டைக்குப் பிள்ளையை ஆஸ்பத்திரியால வீட்டை விடுகினம். பச்சைக் குழந்தையை வைச்சுக்கொண்டு இருட்டுக்குள்ள எப்பிடி இருக்கிறது, சொல்லுங்கோ?"

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு மனம் கேட்கவில்லை. "என் மனைவி எலக்ட்ரீஷியன்தானே ஆன்ட்டி! நாளைக்கே வர்றோம், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"யாரு ஒயரிங் பண்ணது?" என்றாள் சல்மா.

"தெரியல."

"எந்த லைன்ல இருந்து எடுத்திருக்காங்க?"

"நான் டெய்லர் லா. எந்த நூல்னு கேளு, சொல்றேன்."

திட்டிக்கொண்டே சாமான் பையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் பிற்பகல் போனோம். கந்தப்பு அங்கிள் எங்களை நேராகப் புது அறைக்கு அழைத்துப்போனார். சுவருக்கு இளம் பச்சை வண்ணம். அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுக்க எத்தனை கடை ஏறி இறங்கினார் என்ற வரலாறு முழுவதையும் கேட்டோம். "விரலாலகூடத் தொட்டுப்போடாதேங்கோ, இன்னும் சரியாக் காயேல்லை" என்று என் திரைச்சீலைக் கம்பியைப் பார்த்து எச்சரித்தார். நான் சுவரில் ஓட்டை போடாமல் திரைச்சீலையை எதில் மாட்டுவதாம்? கேட்க வாயெடுத்தேன், சல்மா முறைத்தாள்.

அவள் அறையை ஒரு பார்வைதான் பார்த்தாள். பிறகு வாசலருகே இருந்த மின்சாரப் பெட்டிக்குப் போய்விட்டாள். வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி லைன், தனித்தனி சுவிட்ச், கீழே பெயர். சமையலறை விளக்கு லைனில் என்னென்ன எரிகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டாள். "புது ரூமுக்கு நாலு சின்ன லைட்தான். இந்த லைனே தாராளமா தாங்கும். தனி லைன் வேணாம்" என்றாள். அந்தச் சுவிட்சை அணைத்தாள். பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்து அதன்மேல் மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குப் பூட்டு? வீட்டுக்குள்ள கள்ளனே வரப்போறான்?" என்றார் அங்கிள்.

"கள்ளன் வேணாம் அங்கிள். நல்ல மனுசர் ஒருத்தர் போதும். ஐயோ பாவம், இருட்டுல வேலை பாக்குறாளேன்னு சுவிட்சைத் தட்டி விட்டுருவார்."

அங்கிள் சிரித்துவிட்டார். மெயினையே அணைத்துவிடலாமா என்று அவள் கேட்டபோது மட்டும் சிரிப்பு நின்றது. மகளின் பத்தியத்துக்கென்று வாங்கிய மீனும் இறைச்சியும் குளிர்பெட்டி நிறைய இருக்கிறது, கெட்டுவிடும் என்றார். சரி, அந்த ஒரு லைன் அணைந்தால் போதும் என்று சல்மாவும் விட்டுவிட்டாள்.

அப்போது இரஞ்சிதம் ஆன்ட்டி தயங்கித் தயங்கி வந்து நின்றார். "பிள்ளை, சாமியறை லைட் எரியும்தானே? நாளைக்குக் குழந்தை வந்தா வீட்டுக்குத் துடக்கு, தீட்டெண்டு சொல்லுவீங்களே, அதுதான். முப்பத்தொண்டு நாள் கழியுமட்டும் சாமியறையைத் திறக்க ஏலாது. இண்டைக்கு மட்டும்தான் நான் விளக்கு வைக்கலாம். லக்ஷனாவுக்காக வைக்கவேணும்."

சல்மா பெட்டியைக் காட்டினாள். "சாமியறைக்குத் தனி லைனே இருக்கு ஆன்ட்டி. பேரே எழுதியிருக்கு. நான் தொடவே மாட்டேன்."

அந்தச் சாமியறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவிட்சைப் போட்டு மின்விளக்கு எரிந்தால்தான் உள்ளே தீப்பெட்டியையே தேடி எடுக்க முடியும். குத்துவிளக்கு ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சல்மா ஏணியில் ஏறினாள். புது அறையின் கூரையில், சமையலறைச் சுவரை ஒட்டி, கம்பிகளை எல்லாம் சேர்த்து முடிச்சுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தாள். "அட அல்லாவே!" என்றாள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். ஒவ்வொன்றையும் டெஸ்டரால் பார்த்தாள். எதிலும் கரண்ட் இல்லை. பிறகுதான் கை வைத்தாள். முறையான இணைப்பு போடுவதற்காக முடிச்சுகளைப் பிரித்து, பழைய கறுப்புக் கம்பி இரண்டு, புது நீலக் கம்பி ஒன்று என்று தனித்தனியாக விலக்கி வைத்தாள். நான் கீழே ஏணியையும் பிடித்துக்கொண்டு, திரைச்சீலைக்குக் கொக்கியும் மாட்டிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம் வந்தது. ஆன்ட்டி முன்கூடத்தைக் கூட்டித் துடைத்து, சலவைப் போர்வை ஒன்றை விரித்து, "இதில தொழுங்கோ, ஒருத்தரும் குறுக்க வரமாட்டினம்" என்றார். தொழுதோம். அந்த நேரம்தான் ஆன்ட்டியும் தம் சாமியறைக்குப் போனார். எங்களுக்கு அது தெரியாது.

திரும்பி வந்தபோது அங்கிள் அறையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் டெஸ்ட் பண்ணினதுதானே பிள்ளை? டக்கெண்டு சேர்த்துவிட்டா முடிஞ்சுது. நாளைக்குக் காலமை வீடு கழுவவேணும், எவ்வளவு வேலை கிடக்கு."

சல்மா ஏறினாள். டெஸ்டரை எடுத்தாள். எனக்கும் பசி. "இப்பத்தானே பாத்தே, மறுபடியுமா?" என்றேன்.

டெஸ்டரின் முனையைக் கறுப்புக் கம்பி ஒன்றில் வைத்தாள். பளிச்சென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே கம்பியைத்தான் அவள் வெறும் கையால் பிடித்து வளைத்தாள். சல்மா கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "மச்சான், போய்ப் பூட்டைப் பாருங்க." ஓடிப்போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அந்த நேரத்தில் மாடிப்படிப் பக்கமிருந்து ஆன்ட்டியின் அழுகுரல் கேட்டது. "இஞ்சாருங்கோ! சாமியறை லைட் எரியேல்லை! இண்டைக்கெண்டு பார்த்து எரியேல்லை!"

அங்கிள் முகம் இருண்டுவிட்டது. "என்ன பிள்ளை செய்தனீங்கள்? அதைத் தொடமாட்டன் எண்டுதானே சொன்னீங்கள்?"

சல்மா ஏணியில் நின்றபடியே கேட்டாள். "அங்கிள், சாமியறை சுவிட்ச் இப்ப போட்டபடி இருக்கா? ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

அங்கிள் கத்தினார். ஆன்ட்டி அணைத்தார். டெஸ்டரின் சிவப்பு அணைந்தது. "இப்ப போடச் சொல்லுங்க." மறுபடி எரிந்தது. அணைக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, நேராகப் போய் மெயினை அணைத்தாள். வீடே இருட்டாகிவிட்டது. குளிர்பெட்டியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் எங்கள் மூன்று பேருக்கும் விளக்கிச் சொன்னாள். கரண்ட் ஒரு கம்பியில் போகிறது, இன்னொரு கம்பியில் திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே லைனைச் சேர்ந்த ஜோடியாக இருக்க வேண்டும். அந்த ஆள் போகிற கம்பியைச் சமையலறை லைனிலிருந்து எடுத்திருக்கிறான். திரும்புகிற கம்பிக்குச் சுவரை உடைக்கச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய சாமியறைக் கம்பியை நறுக்கி அதில் முடிந்துவிட்டான். "அந்த முடிச்சை நான் பிரிச்சேன். சாமியறை லைட்டுக்குத் திரும்பி வர்ற வழி இல்லாமப் போச்சு, அதான் எரியல. முதல்ல நான் பாத்தப்ப அதோட சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சு. ஆனா சுவிட்ச் போட்டதும் கரண்ட் பல்பு வழியா வந்து, நான் பிரிச்சு வச்ச முனையில நிக்குது. சமையலறை லைனை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டினாலும் அது நிக்கும்."

"பழுது வந்தா விழுகிற சுவிட்ச் ஒண்டு பெட்டியில இருக்கே?" என்றார் அங்கிள். விஷயம் தெரிந்தவர்தான்.

"மாசம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுத்தணும். கடைசியா எப்ப அமுத்தினீங்க?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் திரைச்சீலையைப் பார்த்தேன். சல்மா மெயினைப் போட்டு அந்தப் பட்டனை அமுக்கினாள். அமுக்கினாள், மறுபடி அமுக்கினாள். அது அசையவே இல்லை. துருப்பிடித்தோ என்னவோ, செத்துக் கிடந்தது. மெயினைத் திரும்ப அணைத்துவிட்டு வந்தாள்.

அங்கிள் கெஞ்சுகிற குரலில், "இப்போதைக்குப் பழையபடி முடிஞ்சுவிட்டா ரெண்டு லைட்டும் எரியும்தானே? பிள்ளை வாற நேரத்தில சுவரை உடைக்கிறதே? அந்த பெயிண்ட்..." என்றார்.

"எரியும் அங்கிள். ஜம்முன்னு எரியும். நாளைக்கு ஒருத்தன் பல்பு மாத்தவோ ஃபேன் மாட்டவோ வருவான். கீழே உங்க பேரப்பிள்ளை படுத்திருக்கும். நான் சேர்க்க மாட்டேன். வேற ஆளைக் கூப்பிட்டாலும் சேர்க்க விடமாட்டேன், இங்கேயே உக்காந்துக்குவேன்."

என் மனைவிக்கும் கோபம் வரும் என்பதை அன்றுதான் வெளியார் பார்த்தார்கள்.

இரஞ்சிதம் ஆன்ட்டி அதுவரை சுவரோரமாகவே நின்றார். "பிள்ளை" என்றார். "நீங்கள் திரும்ப ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பார்க்காமல் அந்தக் கம்பியைப் பிடிச்சிருந்தா?"

சல்மா டார்ச்சைக் கீழே இறக்கினாள்.

"நான்தான் சுவிட்சைப் போட்டனான்" என்றார் ஆன்ட்டி. "எரியேல்லை எண்டு திரும்பத் திரும்பப் போட்டனான். சாமிக்கு முன்னால நிண்டுகொண்டு."

பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆன்ட்டி குனிந்து சல்மாவின் சாமான் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். "எவ்விடத்தில உடைக்கவேணும்?" என்றார். சல்மா கையைக் காட்டி முடிப்பதற்குள் பச்சைச் சுவரில் தொம்மென்று ஓர் அடி. காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"ரஞ்சி! என்ர பெயிண்ட்!"

"உங்கட பெயிண்டைக் கொண்டுபோய்க் கடலில கொட்டுங்கோ!"

அடுத்த அடி என் திரைச்சீலைக்கு அரை சாணில் விழுந்தது. நான் அதைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். கடைசியில் சல்மாதான் ஆன்ட்டியின் கையைப் பிடித்து, "போதும் ஆன்ட்டி, ஒயர் போறதுக்குத்தான் வழி வேணும், லாரி போறதுக்கில்ல" என்றாள். ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். அங்கிள் வாளியைக் கொண்டுவந்து, உதிர்ந்த காரையை அள்ளத் தொடங்கினார்.

நறுக்கியிருந்த சாமியறைக் கம்பியின் இரண்டு முனையையும் சல்மா முதலில் சேர்த்துத் தனியாக ஒதுக்கினாள். அதில் இனி வேறெந்தக் கம்பிக்கும் வேலை இல்லை. சோதித்துப் பார்த்து, அந்த லைனுக்கு மட்டும் கரண்ட் விட்டாள். "இப்ப போடுங்க ஆன்ட்டி." சாமியறை எரிந்தது. விளக்கு வைக்கும் நேரம் கடந்திருந்தாலும் ஆன்ட்டி மகளுக்காகக் குத்துவிளக்கை ஏற்றினார். பிறகு சுவரின் ஓட்டை வழியாகச் சமையலறை லைனிலிருந்து போகிற கம்பி, திரும்புகிற கம்பி, எர்த் மூன்றையும் ஒன்றாகப் புது அறைக்கு இழுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தோம்.

மறுநாள் காலையில் வந்து, செத்துப்போன அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள். பட்டனை அமுக்கச் சொன்னாள். அங்கிள் அமுக்கினார். டக்கென்று வீடே அணைந்தது. அந்தச் சத்தம் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார். மாசம் ஒருமுறை அமுக்குவது இனித் தம் வேலை என்று அறிவித்தார். சுவரில் பூசிய ஈரச் சிமெண்ட் இளம் பச்சைக்கு நடுவே அசிங்கமாகத் தெரிந்தது. திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். "கிடக்கட்டும். எங்கட வீட்டில ஆர் உடைச்சது எண்டு வாறவைக்குச் சொல்லவேணும்" என்றார் அங்கிள்.

மதியத்துக்குள் லக்ஷனா வந்துவிட்டாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். குழந்தையை ஆன்ட்டி வைத்திருந்தார். சல்மா சாமான்களை அடுக்கிக்கொண்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். எங்கள் வேலை முடிந்தது, கிளம்பவேண்டியதுதான்.

ஆன்ட்டி புது அறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. திரும்பிச் சல்மாவிடம் வந்து, "கையை நீட்டுங்கோ பிள்ளை" என்றார்.

"ஐயையோ, வேணாம் ஆன்ட்டி, கையெல்லாம் சிமெண்ட்."

"கழுவிக்கொண்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

கழுவிக்கொண்டு வந்தாள். ஆன்ட்டி குழந்தையை அவள் கைகளில் வைத்தார். "நேற்று இந்தக் கையை நான் கருக்கியிருப்பன். இந்தக் கையாலதான் என்ர பேத்தி முதல் முதல் அந்த அறைக்குள்ள போகவேணும்."

எத்தனையோ உயரத்தில் ஏணிமேல் நின்று வேலை செய்கிறவள் சல்மா. அன்று வெறுந்தரையில் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி உள்ளே போனாள். லக்ஷனா சுவிட்சைப் போட்டாள். நான்கு விளக்கும் எரிந்தன. குழந்தை கண்ணைச் சுருக்கி, சிணுங்கி, சல்மாவின் சட்டையை நனைத்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் வெட்கமில்லாமல் விசும்பி விசும்பி அழுதேன். என் சல்மா உயிரோடு, இரண்டு கையும் முழுசாக, ஈரச் சட்டையோடு அங்கே நின்றாள்.